விரல் இழுத்த பிறகு வரும் சுணக்கம்

ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால், இடப்பக்கம் கழித்தல் குறியும் வலப்பக்கம் கூட்டல் குறியும் போட்ட இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். பேடில் என்று சொல்வது அதைத்தான். வலதை இழுத்தால் ஒரு கியர் மேலே, இடதை இழுத்தால் ஒரு கியர் கீழே. நானூறு குதிரைவலுவுக்கு மேல் உள்ள காரில் ஏறி, அந்தத் தகட்டை ஆசையோடு இழுத்துவிட்டு, கியர் இப்போது மாறுமா பிறகு மாறுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தால் ஓட்டுகிற சந்தோசத்தில் பாதி போய்விடும். என்னிடம் இருப்பது அப்படியான கார். பெரிய வீ-8 எஞ்சின், பின்சில்லு ஓட்டம், ஆறு கியர் ஒட்டோமற்றிக், இரண்டாம் கையாக வாங்கியது. எந்தக் கம்பனி என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. ஒட்டோமற்றிக்கில் பேடில் பூட்டி வந்த அந்தக் காலத்து வேகக் கார்கள் பலவற்றில் இதே குணம் இருக்கிறது.

சுணக்கம் எவ்வளவு என்று வாயால் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். "உனக்கு அவசரம் கூட" என்பார்கள். அதனால் அளந்து பார்த்தேன். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இப்போதைய கைபேசிகள் பலவற்றில் செக்கனுக்கு 240 படம் பிடிக்கும் ஸ்லோமோஷன் வசதி உண்டு. பக்கத்து இருக்கையில் மருமகனை இருத்தி, என் வலது விரலும் ஆர்.பி.எம் முள்ளும் ஒன்றாகத் தெரியும்படி பிடிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து படம் படமாக நகர்த்தினோம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 4 மில்லிசெக்கன். விரல் தகட்டை முழுக்க இழுத்துவிட்டது. முள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. விரல் தகட்டை விட்டு விலகிவிட்டது. முள் இன்னும் ஏறுகிறது. விரல் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் முள் ஒருமுறை நடுங்கிவிட்டுக் கீழே விழத் தொடங்குகிறது. எண்ணிப் பார்த்தால் அரைச் செக்கனுக்குக் கிட்ட வருகிறது.

ஆனால் அந்தப் படங்களில் என்னை யோசிக்க வைத்தது வேறு விசயம். முள் விழத் தொடங்கிய பிறகு மளமளவென்று விழுந்து முடிகிறது. அதாவது கியர் மாறுவதில் சுணக்கம் இல்லை. மாறத் தொடங்குவதில்தான் சுணக்கம். கம்பனிகள் விளம்பரத்தில் "எங்கள் கியர் இத்தனை மில்லிசெக்கனில் மாறும்" என்று போடுகிற இலக்கத்தை வாசிக்கும்போது, அது எங்கிருந்து எங்கு வரைக்கும் எண்ணியது என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் அது கியர் மாறுகிற அந்தச் சின்னத் துண்டுக்குரிய நேரம். காரோட்டிக்குத் தெரிகிற நேரம் விரல் அசைந்த கணத்தில் தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. வேகக் கார் என்று பேர் சொல்லி, பேடிலும் பூட்டி, அதற்கான காசும் வாங்கினால் அந்த இலக்கத்தையும் அச்சடித்துத் தரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரைச் செக்கன் என்றால் என்ன? ஹைவேயில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது அரைச் செக்கனில் கார் ஏறக்குறைய 14 மீற்றர் போய்விடும். முதல் கியரில் முழுக்க மிதித்தால் இப்படிப்பட்ட எஞ்சினின் சுழற்சி ஒரு செக்கனுக்கு 2,500 ஆர்.பி.எம் அளவில் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500-இல் சிவப்புக் கோடு. முள் கோட்டைத் தொடுகிற நேரத்தில் பேடிலை இழுத்தால், கியர் வருவதற்குள் எஞ்சின் எல்லையில் முட்டி, எரிபொருள் வெட்டுப்பட்டு, கார் திக்கித் திக்கி நிற்கும். சரியாக 6,500-இல் மாறவேண்டும் என்றால் 5,200 அளவிலேயே இழுத்துவிட வேண்டும். மூன்றாவது கியரில் சுழற்சி ஆறுதலாக ஏறும் என்பதால் அந்தக் கணக்கு வேறு. ஒவ்வொரு கியருக்கும் ஒவ்வொரு கணக்கை விரலுக்குப் பழக்கவேண்டியிருக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது? பேடிலுக்குப் பின்னால் கம்பியோ கோலோ எதுவும் கியர்பொக்ஸ் வரைக்கும் போகவில்லை. அது வெறும் சுவிட்ச். இழுத்ததும் ஒரு மின்சமிக்ஞை ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயர் வழியாகப் போய், காரின் கணினி வலைப்பின்னலில் ஏறி, கியர்பொக்ஸின் கணினிக்குப் போய்ச் சேரும். அந்தக் கணினி உடனே மாற்றிவிடாது. விரல் தற்செயலாகப் பட்டதா, உண்மையாகவே இழுத்ததா? இப்போது கீழே மாற்றினால் எஞ்சின் எல்லை மீறிச் சுற்றுமா? ஒயிலின் சூடு எவ்வளவு? முந்தின மாற்றம் முடிந்துவிட்டதா? இவ்வளவையும் பார்த்த பிறகுதான் சம்மதிக்கும். இந்தச் சோதனைகளே சில மில்லிசெக்கன்களைத் தின்னும்.

பெரிய நேரம் போவது அதற்குப் பிறகு, ஒயிலில். ஒட்டோமற்றிக் கியர்பொக்ஸுக்குள் கிளச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு அடுக்கை விட்டு இன்னொரு அடுக்கைப் பிடிப்பதுதான் கியர் மாற்றம். பிடிக்கவேண்டிய அடுக்கை ஒயில் அழுத்தம்தான் நெருக்குகிறது. வால்வு திறந்ததும் ஒயில் ஓடி, அந்த அறையை முதலில் நிரப்பவேண்டும். நிரம்பும் வரைக்கும் ஒரு பிடியும் கிடையாது. ஊரில் மிசினைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணி ஓடிக் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேரும் வரைக்கும் மண்வெட்டியோடு நிற்போமே, அந்த நேரம்தான் இது. நிரம்பிய பிறகு பழைய அடுக்கு மெல்ல விட, புதிய அடுக்கு மெல்லப் பிடிக்க, கணினி எஞ்சினின் இழுவையை ஒரு கணம் குறைத்துக் கொடுக்க, சுழற்சி புதிய கியருக்கு ஏற்ற அளவுக்கு இறங்கும். முள் விழுவது இந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் டோர்க் கொன்வேர்ட்டர். அதற்குள்ளும் ஒயில்தான் எஞ்சினின் சுழற்சியை மற்றப் பக்கத்துக்குக் கடத்துகிறது. இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பூட்ட உள்ளே ஒரு கிளச் உண்டு. அது பூட்டாமல் இருந்தால், கியர் மாறிய பிறகும் வழுக்கல் இருக்கும். கியர் வந்துவிட்டது, ஆனால் முதுகில் அந்தத் தள்ளு வரவில்லை என்ற உணர்வு அதனால்தான்.

இந்த ஒயிலுக்குப் பின்னால் கனடாக்காரர் ஒருவரின் கதை இருக்கிறது. சஸ்காச்சுவானில் உள்ள ரெஜைனாவைச் சேர்ந்த அல்பிரெட் ஹோர்னர் மன்றோ என்ற நீராவிப் பொறியியலாளர் 1921-இல் தானே மாறும் கியர்பொக்ஸ் ஒன்றை உருவாக்கி, 1923-இல் கனடியக் காப்புரிமையும் பெற்றார். அவர் பயன்படுத்தியது ஒயில் அல்ல, அழுத்தப்பட்ட காற்று. அதில் போதிய வலு கிடைக்கவில்லை, அது சந்தைக்கும் வரவில்லை. ஒயிலை வைத்துச் செய்த ஹைட்ராமற்றிக் 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்த பிறகுதான் ஒட்டோமற்றிக் பொதுச்சனத்தின் கைக்குப் போனது. அன்றைக்கு வெற்றி தேடித் தந்த ஒயிலேதான் இன்றைக்கு என் விரலைக் காக்க வைக்கிறது.

பேடில் வந்த வழி முற்றிலும் வேறு. 1979-இல் ஃபெராரியின் பொறியியலாளர் மௌரோ ஃபோர்கியேரி ஸ்டியரிங்கில் பொத்தான் வைத்துக் கியர் மாற்றும் முறையொன்றைப் பரிசோதித்தபோது அதை ஓட்டிப் பார்த்தவர் கியூபெக் வீரர் ஜில் வில்நெவ். அவருக்கு அது பிடிக்கவில்லை, கிடப்பில் போட்டார்கள். பிறகு ஜோன் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 பேடிலோடு வந்தது. 1989 மார்ச் 26-இல் பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே நைஜல் மன்செல் அதில் வென்றார். அந்தக் காருக்குள் டோர்க் கொன்வேர்ட்டர் இல்லை. சாதாரண மனுவல் கியர்பொக்ஸை மனிதக் கைக்குப் பதிலாக ஹைட்ரோலிக் இயந்திரம் தள்ளியது. 1997-இல் அதே முறை ஃபெராரி எஃப்355 மூலம் வீதிக்கு வந்தது. 2005-இல் எங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபோர்முலா ஒன்றில் இறங்கியபோது அங்கே பேடில் இல்லாத காரே கிடையாது. தொலைக்காட்சியில் அந்த விரலசைவையும் அதோடு ஒட்டி வரும் சத்தத்தையும் பார்த்து வளர்ந்த நாங்கள், ஷோரூமில் அதே வடிவத் தகட்டைக் கண்டதும் அதே பதிலை எதிர்பார்த்தோம். தகட்டை அங்கிருந்து எடுத்து, குடும்பக் காருக்கென்று மெதுமையாகப் பழக்கிய ஒட்டோமற்றிக்கில் பூட்டிவிட்டார்கள் என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணை ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். கணினியைச் செருகிப் பார்த்தார், கோட் ஒன்றும் இல்லை. ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"தம்பி, இது பழுதில்லை. கொம்பனி இப்பிடித்தான் விட்டிருக்கு."

"அண்ணை, இவ்வளவு பெரிய எஞ்சினைப் போட்டிட்டு ஏன் இப்பிடி விடுறாங்கள்?"

"கிளச்சைக் கெதியாப் பிடிக்கவிட்டா இடிக்கும். இடிச்சா சனம் கொண்டுவந்து நிப்பாட்டும். வாறன்ரியிலை ஆர் செய்து குடுக்கிறது? அதான் ஆறுதலாப் பிடிக்க வைக்கிறாங்கள். ஒயிலை மாத்து, கொஞ்சம் சுகமா இருக்கும்."

அவர் சொன்னதில் முழு நியாயமும் இருக்கிறது. ஒரே கியர்பொக்ஸ் பல வேலைக்குப் போகிறது. 2006-இல் கொர்வெட்டில் பேடிலோடு வந்த ஆறு கியர் ஒட்டோமற்றிக்கின் குடும்பம்தான் பிறகு பிக்-அப் ட்ரக்குகளிலும் பெரிய எஸ்.யு.வி.களிலும் போனது. படகை இழுத்துக்கொண்டு மலையேறுகிறவருக்கும், கோப்பி சிந்தாமல் வேலைக்குப் போகிறவருக்கும், விரலால் கியர் மாற்றுகிறவருக்கும் ஒரே இரும்பு. வித்தியாசம் மென்பொருளில் மட்டும். அந்த மென்பொருளை எழுதும்போது யாருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

டோர்க் கொன்வேர்ட்டர் இருந்தால் சுணக்கம் தவிர்க்க முடியாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2008 மொடலாக வந்த லெக்சஸ் ஐ.எஸ். எஃப். காரில் எட்டு கியர் ஒட்டோமற்றிக். அதில் மனுவல் முறைக்குப் போனால் இரண்டாவது கியரில் இருந்து எட்டாவது வரைக்கும் கொன்வேர்ட்டர் பூட்டியே இருக்கும். கியர் மாற்றத்துக்கு 0.1 செக்கன் என்று அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில் எட்டு கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியது. இன்றைக்கு வேகக் கார்கள் பலவற்றில் ஓடுவது அதன் வாரிசுகள்தான். ஒயிலும் கொன்வேர்ட்டரும் இருந்தும் அவை விரலுக்கு மரியாதை கொடுக்கின்றன. செய்யவேண்டும் என்று நினைத்தவர்கள் செய்தார்கள்.

இரட்டைக் கிளச் என்பது இன்னொரு வழி. ஒற்றை எண் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டை எண் கியர்களுக்கு இன்னொரு கிளச். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் கோர்த்துக்கொண்டு நிற்கும். பேடிலை இழுத்ததும் ஒரு கிளச் விட, மற்றது பிடிக்கும், அவ்வளவுதான். கணினி நான்கைத் தயார் செய்து வைத்திருக்க நீங்கள் இரண்டைக் கேட்டால் மட்டும் அதுவும் கொஞ்சம் தடுமாறும். இந்த இரட்டைக் கிளச் முறை 2003-இல் ஃபொக்ஸ்வாகன் கொல்ஃப் ஆர்32-இல் வந்து, 2008-இல் போர்ஷே 911-க்கும் போனது.

இந்தக் கதையில் ரொறன்ரோவுக்கு ஒரு பெருமை உண்டு, எங்கள் ஆட்களில் பலருக்கு அது தெரியாது. எங்கள் சனம் இவ்வளவு பேர் வீடு வாங்கியிருக்கும் மார்க்கத்தில்தான் மல்ட்டிமற்றிக் நிறுவனம் ஃபோர்ட் ஜீ.ரீ. காரைக் கட்டியது. 2016 கடைசியில் தொடங்கி 2022 வரைக்கும், மொத்தம் 1,350 கார்கள் என்ற கணக்கில். இரட்டை டேர்போ வீ-6, தொடக்கத்தில் 647 குதிரைவலு. மனுவல் கியர் கிடையவே கிடையாது. ஏழு கியர் இரட்டைக் கிளச், பேடில் மட்டும். அந்தப் பெட்டியைச் செய்தது கெட்ராக். அந்தக் கெட்ராக்கை 2016 ஜனவரியில் வாங்கி முடித்தது ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரோராவில் தலைமையகம் வைத்திருக்கும் மக்னா. உலகத்தின் நல்ல பேடில் கார்களில் ஒன்று ரொறன்ரோவின் எல்லையான ஸ்டீல்ஸ் அவெனியூவுக்கு அந்தப் பக்கம் பிறந்திருக்கிறது. அதை நினைக்கும்போது என் காரின் கியர்பொக்ஸ் மேல் இன்னும் கூடக் கோபம் வருகிறது.

இது வெறும் விளையாட்டுக்காரரின் முறைப்பாடு என்று நினைக்கவேண்டாம். 404 ஹைவேயில் தெற்கே வந்து 401-க்குத் திரும்பும் வளைவை நினைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது பிரேக் பிடித்து, கீழ் கியருக்கு வந்து, பிறகு வளைவுக்குள் நுழையவேண்டும். பேடிலை உரிய இடத்தில்தான் இழுத்தீர்கள், ஆனால் கியர் வந்து சேர்வது வளைவுக்குள். எடை முன்பக்கம் போய், பின்சில்லு இலேசாக இருக்கிற நேரம் பார்த்து எஞ்சின் பின்சில்லைப் பிடித்து இழுக்கும். யூலையில் காய்ந்த றோட்டில் ஒரு குலுக்கலோடு போய்விடும். ஜனவரியில் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் இருந்தால் கதை வேறு. அதோடு பனிக்காலத்தில் சுணக்கமும் கூடும். கழித்தல் பதினெட்டு, இருபது என்று குளிர் இறங்கிய காலையில் ஒயில் தடித்துப்போய் இருக்கும். ஒயில் சூடேறும் வரைக்கும் கொன்வேர்ட்டரைப் பூட்டவேண்டாம், ஆறுதலாக மாற்று என்றுதான் கணினிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பேடிலைத் தொடாமல் விடுவதே நல்லது. ஸ்னோவில் நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போது இரண்டாவது கியரில் புறப்படுவதற்கு மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். அதற்கு அவசரம் தேவையில்லை.

வேகமாக மாற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. அதற்கு 401 இடமல்ல. ஒன்ராறியோவில் 80 கிலோமீற்றருக்குக் குறைந்த எல்லை உள்ள றோட்டில் 40 கூட ஓடினாலே 2021-இல் இருந்து ஸ்டண்ட் ட்ரைவிங் குற்றம். 80-உம் அதற்கு மேலும் உள்ள எல்லைகளில் 50 கூட. பிடித்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசன்ஸ் போகும், 14 நாளுக்குக் காரும் போகும். போகவேண்டிய இடம் போமன்வில்லுக்கு வடக்கே உள்ள பந்தயத்திடல். இப்போது பெயர் கனடியன் ரயர் மோட்டர்ஸ்போர்ட் பார்க், பழைய ஆட்களுக்கு மொஸ்போர்ட். 1961-இல் திறந்தது. 1967-இல் கனடாவின் முதல் ஃபோர்முலா ஒன் பந்தயம் நடந்தது அங்கேதான், மழையில் ஜாக் பிரபம் வென்றார். ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளம், பத்து வளைவுகள். ஸ்டேர்லிங் மொஸ்ஸின் பெயர் வைத்த மொஸ் கோர்னருக்குள் இறங்கும்போது கீழ் கியர் கையில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு நீண்ட ஏற்றம். கியர் பிந்தினால் அந்த ஏற்றம் முழுக்க அந்தப் பிந்தலை இழுத்துக்கொண்டு போகவேண்டும். அங்கே மனுவல் காரோடு வந்த ஒரு பெடியன், என்னுடையதில் பாதி வலுவோடு, அந்த வளைவில் இருந்து என்னைவிடக் கெதியாக ஏறிப்போனான். அவன் கை தள்ளிய கணத்தில் அவனுக்குக் கியர் கிடைத்தது.

என்ன செய்யலாம்? அண்ணை சொன்னபடி ஒயில் மாற்றினேன். பழைய ஒயில் கருத்துப்போய் இருந்தது. மாற்றிய பிறகு இழுவை சுத்தமானது, கீழ் கியருக்கு வரும்போது இருந்த இடிப்பு போனது, சுணக்கம் சிறிதளவு குறைந்தது. கியர்பொக்ஸ் கணினி நாளடைவில் கிளச் தேய்வுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாகப் படிக்க வைத்தாலும் சில கார்களில் பலன் உண்டு. சில கார்களில் டி-யில் வைத்துக்கொண்டு பேடிலை இழுத்தால் கணினி முதலில் மனுவல் முறைக்கு மாறி, பிறகுதான் கியருக்கு வரும். முன்கூட்டியே எம்-இல் போட்டுவிட்டால் அந்த நேரமாவது மிச்சம். மென்பொருளையே மாற்றி எழுதி, ஒயில் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற கடைகளும் இங்கே இருக்கின்றன. சுணக்கம் நன்றாகவே குறைகிறது என்பதை நண்பர் ஒருவரின் காரில் இருந்து பார்த்தேன். ஆனால் வாறன்ரி இருக்கிற காருக்கு அதைச் செய்யச் சொல்லமாட்டேன். அழுத்தம் கூடினால் இடிப்பும் கூடும். பெட்டி போனால் செலவு ஆயிரக்கணக்கான டொலர்.

இப்படியான காரை இரண்டாம் கையாக வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த எஞ்சினோடு கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு முடிவெடுக்கவேண்டாம். குறைந்தது இருபது நிமிடம் ஓட்டி ஒயிலைச் சூடேற்றுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஆளில்லாத றோட்டில் எம்-இல் போட்டு, இரண்டாவது கியரில் பாதி மிதியோடு போகும்போது வலதை இழுங்கள். பிறகு மூன்றில் போகும்போது இடதை இழுங்கள். முழுமிதியில் எல்லாக் காரும் கொஞ்சம் சுறுசுறுப்பாக நடிக்கும், பாதிமிதியில்தான் உண்மை தெரியும். கூட வருகிறவரைக் கைபேசியில் ஸ்லோமோஷனில் பிடிக்கச் சொல்லுங்கள். விரலும் முள்ளும் ஒன்றாகத் தெரியவேண்டும். அந்தப் படத்தை விற்பவருக்கும் காட்டி, ரயரின் தேய்வையும் ஓடிய கிலோமீற்றரையும் சொல்லி விலை பேசுகிற மாதிரி, இந்த அரைச் செக்கனையும் சொல்லி விலை பேசுங்கள்.